சூனியக்காரி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டவர்கள்

பண்ருட்டி பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் போய் ஒரு பெண்ணைப் பார்த்து "சூனியக்காரி" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்குத் தெருவே இரண்டாகிவிடும். அதே வார்த்தையை ஜார்க்கண்டில் சொன்னால் கொலையே விழலாம். விழுந்தும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு வார்த்தையை ஒரு படித்த பெண் தானாகவே முன்வந்து, யாரும் கேட்காமலேயே, தனக்குச் சூட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்?

1980களின் பிற்பாதியில் கல்கத்தாவில் அப்படி ஒருவர் அறிவித்தார். பெயர் இப்சிதா ராய் சக்ரவர்த்தி. 1950ல் பிறந்தவர். அப்பா வெளிநாட்டுப் பணியில் இருந்த இந்திய அதிகாரி. அதனால் சிறுவயதில் கனடாவின் மான்ட்ரியலில் வளர்ந்தார். கணவர் மயூர்பஞ்ச் ராஜ குடும்பத்து வழி வந்தவர். ஆகமொத்தம் பணம், ஆங்கிலம், அந்தஸ்து எல்லாம் இருந்த குடும்பம். அந்தப் பெண்தான் தன்னை ஒரு "விட்ச்" என்றும், தன் வழி "விக்கா" என்றும் வெளிப்படையாகச் சொன்னார். கல்கத்தா பத்திரிகைகள் சும்மா இருக்குமா? பெரிய பரபரப்பு.

நம்மில் பலருக்கு விட்ச் என்றதும் துடைப்பத்தில் பறக்கும் கூர்மூக்குக் கிழவிதான் ஞாபகத்துக்கு வருவாள். அல்லது மர்மதேசம் சீரியல். அல்லது ஹாரி பாட்டர். விக்கா இந்த மூன்றுமே இல்லை. அது இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ஒரு மதம். பெண் தெய்வம் ஒன்று, கொம்புள்ள ஆண் தெய்வம் ஒன்று. வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை, எல்லாம் பருவகாலத்தை ஒட்டியவை. தரையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று வழிபாடு. யாருக்கும் கெடுதல் இல்லாத வரை உன் விருப்பப்படி வாழ் என்பது அவர்களுடைய அடிப்படை விதி. சாத்தான் வழிபாடு என்று பலர் நினைப்பது தவறு. சாத்தான் கிறிஸ்தவ மதத்தின் பாத்திரம். விக்காக்காரர்கள் அவனை நம்புவதே இல்லை.

சரி, இது எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. இங்கிலாந்துச் சரக்கு என்று நாம் நினைக்கும் இந்த விஷயத்தின் பின்னால் போனால், திரும்பத் திரும்ப நம் பக்கத்து ஊர்களில் வந்து நிற்கிறோம்.

முதலில் ஜெரால்டு கார்ட்னர். 1884ல் லிவர்பூல் அருகே பிறந்தவர். ஆஸ்துமா நோயாளி. பள்ளிக்கூடமே சரியாகப் போகவில்லை. குளிர் ஆகாது என்று, பார்த்துக்கொள்ள இருந்த தாதி வெப்பமான ஊர்களுக்குக் கூட்டிக்கொண்டே திரிந்தார். அந்தத் தாதி பிறகு ஒரு தேயிலைத் தோட்டக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். தோட்டம் இருந்தது இலங்கையில். கார்ட்னரும் கூடவே கிளம்பிவிட்டார். 1900ல், பதினாறு வயதில், ஹார்ட்டன் சமவெளிக்குக் கீழே இருந்த நான்பரீல் எஸ்டேட்டில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அந்தக் காலத்து மலையகத் தோட்டங்களில் வேலை பார்த்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. மதராஸ் மாகாணத்தின் வறண்ட ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன நம் ஜனங்கள். மாரியம்மனையும் முனியையும் கூடவே எடுத்துப்போனவர்கள்.

1910ல் கொழும்பில் கார்ட்னர் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். கண்ணைக் கட்டி அழைத்துப்போவது, ரகசியச் சத்தியம், முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று ஏறுவது எல்லாம் அந்தச் சங்கத்தின் வழக்கம். பின்னாளில் விக்காவிலும் சரியாக மூன்று படிகள்தான். ஆய்வாளர்கள் இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் போர்னியோ. அப்புறம் மலாயா. ரப்பர் தோட்டங்கள், பிறகு அரசு வேலை, சுங்க இலாகா. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அங்கிருந்த ஜனங்களின் மந்திரம், பேயோட்டல், ஆயுதம் இதிலேயே போயிற்று. மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்திக்குள் ஒரு சக்தி குடியிருக்கிறது என்பது அவர்களது நம்பிக்கை. கார்ட்னர் அந்தக் கத்திகளைச் சேகரித்து 1936ல் ஒரு புத்தகமே எழுதினார். பின்னால் விக்கா வழிபாட்டில் கைப்பிடி கறுத்த ஒரு கத்திக்கு முக்கிய இடம் கிடைத்ததைப் பார்த்தால் இவருக்குக் கத்திமேல் இருந்த மோகம் ஞாபகம் வராமல் போகாது.

1936ல் ரிட்டயர் ஆகி இங்கிலாந்து திரும்பினார். 1939ல், தென் இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டுப் பகுதியில், ஒரு பழைய சூனியக்காரிகள் குழு தன்னை ஏற்றுக்கொண்டது என்று பிறகு சொன்னார். பல நூறு வருஷமாக ரகசியமாக வாழ்ந்துவரும் ஆதி மதமாம் அது! தீட்சை நடந்தது டாரதி என்ற வயதான பெண்மணியின் வீட்டில் என்றும் சொன்னார்.

கார்ட்னர் கதைவிடுகிறார், டாரதி என்று ஒருவரே இல்லை என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவருடைய சிஷ்யையான டோரீன் வேலியன்ட்டுக்கு அது பொறுக்கவில்லை. 1980களில் ஒரு துப்பறிவாளர் மாதிரி பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார். கண்டும்பிடித்தார். டாரதி கிளட்டர்பக், 1880ல் பிறந்தவர். பிறந்த இடம்? இந்தியா. அப்பா இங்கே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி! ஆனால் ஆள் இருந்தார் என்பது வேறு, அவர் சூனியக்காரி என்பது வேறு. அவர் விட்டுப்போன டைரிகளில் அப்படி எதுவும் இல்லை. சர்ச்சுக்குப் போகும், ஊரில் மரியாதையான சீமாட்டியாகத்தான் தெரிகிறார்.

இன்னொருவர் மார்கரெட் முர்ரே. 1863ல் கல்கத்தாவில் பிறந்தவர். கல்கத்தா ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும் இருந்தவர். 1893ல் மதராஸில் இருந்த சகோதரி வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் எகிப்தியப் பாடம் தொடங்குகிறது என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது. மறுவருஷமே போய்ச் சேர்ந்து, பெயர்பெற்ற எகிப்தியல் அறிஞர் ஆனார். அதோடு நின்றிருக்கலாம். 1921ல் ஐரோப்பியச் சூனியக்காரிகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நீதிமன்றங்கள் எரித்த அந்தப் பெண்கள் சாத்தானைக் கும்பிடவில்லை, கிறிஸ்தவத்துக்கு முந்திய ஒரு பழைய மதத்தைத்தான் ரகசியமாகக் கடைப்பிடித்தார்கள் என்பது அவருடைய வாதம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 1929லிருந்து பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்திலும் சூனியம் பற்றிய கட்டுரையை அவரே எழுத, நாற்பது வருஷம் அதுவே வேதவாக்காக அச்சில் இருந்தது. கார்ட்னர் 1954ல் தன் மதத்தைப் பற்றி வெளியிட்ட புத்தகத்துக்கு முன்னுரை எழுதியதும் முர்ரேதான். நூறு வயதைத் தாண்டி 1963ல் இறந்தார்.

ஆனால் முர்ரே சொன்னது தவறு. அவர் விசாரணை வாக்குமூலங்களில் தனக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பறந்தேன், பூனையாக மாறினேன் என்ற பகுதிகளை விட்டுவிட்டார் என்பதைப் பிற்கால வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டினார்கள். சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலத்தில் பாதியை நம்புவேன், பாதியை நம்பமாட்டேன் என்றால் எப்படி? ரகசிய ஆதி மதம் எதுவும் தொடர்ச்சியாகப் பிழைத்து வந்ததற்கு ஆதாரம் இல்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்டு ஹட்டன் 1999ல் எழுதிய பெரிய ஆய்வு நூல் இதை ஏறக்குறைய முடித்துவைத்தது. அவர் விக்காவுக்கு எதிரி அல்ல என்பதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்து உலகத்துக்குக் கொடுத்த ஒரே முழு மதம் இதுதான் என்ற பொருளில் பெருமையாகவே எழுதுகிறார்.

இன்னொரு எண்ணையும் இங்கே பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் 90 லட்சம் பெண்கள் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டார்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். இந்தக் கணக்கைப் போட்டவர் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஃபாய்க்ட் என்பவர். குவெட்லின்பர்க் என்ற சின்ன ஊரின் ஒரு சில வழக்குகளை எடுத்து, அதை மொத்த ஐரோப்பாவுக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கினார். வந்த விடை 94,42,994. கடைசி நான்கு பேர் வரைக்கும் சுத்தமாக! பி.காம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் ஒரு ஊரை மட்டும் சாம்பிளாக எடுத்து இப்படி எழுதினால் முட்டை மார்க்தான். இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடு 40,000 முதல் 60,000 வரை. அதிலும் கணிசமானவர்கள் ஆண்கள். 40,000 என்பது குறைந்த எண் அல்ல. அதை 90 லட்சமாக ஊதவேண்டிய தேவையே இல்லை.

கார்ட்னர் வெளிப்படையாக எழுத முடிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் 1735ஆம் வருஷத்துச் சூனியச் சட்டம் 1951 வரை அமலில் இருந்தது. அந்தச் சட்டம் சூனியத்தைத் தண்டிக்கவில்லை, சூனிய சக்தி இருப்பதாக ஏமாற்றுவதைத்தான் தண்டித்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, 1944ல் கூட, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்ணை அந்தச் சட்டத்தில் உள்ளே தள்ளினார்கள். 1951ல் சட்டம் நீக்கப்பட்டது. மூன்றே வருஷத்தில் கார்ட்னரின் புத்தகம் வந்துவிட்டது. (சட்டம் இருக்கும்போது, 1949ல், இதே விஷயங்களை நாவல் என்ற பெயரில் எழுதித் தப்பித்துக்கொண்டார். கெட்டிக்காரர்.)

விக்காக்காரர்கள் தங்கள் மந்திரங்களையும் சடங்குகளையும் எழுதிவைக்கும் நோட்டுக்கு "நிழல்களின் புத்தகம்" என்று பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று வேலியன்ட் சொன்ன கதை சுவாரஸ்யமானது. 1949ல் ஒரு மாந்திரீகப் பத்திரிகையில் மீர் பஷீர் என்ற கைரேகை நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவருடைய நிழலை அளந்து பலன் சொல்லும் ஒரு சமஸ்கிருதச் சுவடியைப் பற்றியது. அதன் தலைப்புதான் நிழல்களின் புத்தகம். அந்தக் கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது கார்ட்னர் நாவலின் விளம்பரம்! அங்கிருந்துதான் பெயரை எடுத்துக்கொண்டார் என்கிறார் வேலியன்ட்.

இதையெல்லாம் வைத்து "பார்த்தாயா, விக்காவும் நம்முடையதுதான்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதன் எலும்புக்கூடு ஐரோப்பாவின் சடங்கு மாந்திரீகமும் ஃப்ரீமேசன் வழக்கமும்தான். ஆனால் சாம்ராஜ்யம் முழுக்கச் சுற்றிவந்த ஆட்கள், ஊருக்குத் திரும்பியபோது தங்கள் சொந்த மண்ணில் ஒரு கிராம தேவதையைத் தேடியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அங்கே கிடைக்கவில்லை. அதனால் ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

கார்ட்னர் 1964ல் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போது இறந்து, துனீசியாவில் புதைக்கப்பட்டார். அதற்குள் மதம் அமெரிக்கா போய்விட்டது. அங்கே அது உருமாறிய விதம்தான் இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்த விக்கா. கார்ட்னரின் முறையில் ஒரு குழு வேண்டும், தீட்சை கொடுக்க குரு வேண்டும். 1970களில் பெண் விடுதலை இயக்கம் இதைக் கையில் எடுத்தது. ஆண் கடவுள், ஆண் பூசாரி என்றே இருந்த உலகத்தில் தேவியை நடுவில் வைத்த மதம் கிடைத்தால் விடுவார்களா? ஸ்டார்ஹாக் என்ற பெண்மணியின் புத்தகம் 1979ல் வந்தது. 1988ல் ஸ்காட் கன்னிங்ஹாம் தனியாகவே விக்கா பழக ஒரு கையேடு எழுதினார். குழுவும் வேண்டாம், குருவும் வேண்டாம், மெழுகுவர்த்தியும் மனசும் இருந்தால் போதும். "நான் விட்ச்" என்று ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து தானே முடிவு செய்துகொள்ளலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

அரசாங்கங்களும் மெதுவாக வழிக்கு வந்தன. 1986ல் அமெரிக்காவில் ஒரு சிறைக்கைதி போட்ட வழக்கில், விக்காவும் ஒரு மதம்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொண்டது (ஆனால் அவர் கேட்ட பூஜைச் சாமான்களைக் கொடுக்கவில்லை!). 2007ல் ராணுவக் கல்லறைகளில் சிலுவை மாதிரி விக்காவின் ஐந்துமுனை நட்சத்திரத்தையும் பொறிக்க அனுமதி கிடைத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் 2021 சென்ஸஸில் சுமார் 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்று எழுதினார்கள். இயற்கை வழிபாட்டாளர்கள் என்ற பொருளில் "பேகன்" என்று எழுதியவர்கள் சுமார் 74,000.

இப்போது கல்கத்தாவுக்குத் திரும்புவோம். இப்சிதா கார்ட்னர் பரம்பரையில் தீட்சை வாங்கியவர் அல்ல. மான்ட்ரியலில் இருந்தபோது பழைய நாகரிகங்களைப் படித்துவந்த ஒரு பெண்கள் குழுவோடு பழகி, அவர்களிடம் கற்றதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். அதை வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. டாரதி கிளட்டர்பக்கின் கதை மாதிரியே இதுவும் ஒரு "ரகசியக் குழு" கதை என்பதைக் கவனியுங்கள். அவருடைய சுயசரிதை 2003ல் வந்தது. அதே வருஷம் வந்த இன்னொரு புத்தகத்தை வைத்து 2006ல் சரிகா நடித்த ஒரு படமும் வெளியானது. அதற்கெல்லாம் முன்பே, 1998 லோக்சபா தேர்தலில் ஹூக்ளி தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றும் இருக்கிறார். தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கு இந்தியாவில் ஒரு தேசியக் கட்சி டிக்கெட் கொடுத்தது என்பதே ஒரு சரித்திரம்தான்.

அவருடைய வாதம் இதுதான். "டாயன்" என்று கிராமங்களில் அடித்துக் கொல்லப்படும் பெண்கள் பலசமயம் தைரியமானவர்கள், தனியாக இருப்பவர்கள், மூலிகை தெரிந்தவர்கள். அந்த வார்த்தையை அறிவுள்ள பெண் என்ற அர்த்தத்துக்குத் திருப்பினால், அது அவமானமாக இல்லாமல் பலமாக மாறும். வங்காளக் கிராமங்களுக்கும் போய் இதைப் பேசினார்.

இதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டிய இடம் இது.

திட்டும் வார்த்தையைத் தானே எடுத்து அணிந்துகொள்வது தமிழுக்குப் புதிதல்ல. காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். வணிகன் பரமதத்தன் மனைவி புனிதவதி, மாங்கனி, கணவன் பயந்துபோய்க் கப்பலேறி ஓடியது, வேறு ஊரில் வேறு கல்யாணம். (சொல்லாமல் கொள்ளாமல் பார்ட்னர்ஷிப்பை முறித்த கேஸ்.) அதற்குப்பிறகு அவர் கேட்ட வரம் என்ன? அழகான உடம்பு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்பது. தன் பாடல்களின் முடிவில் தன் பெயரையே "காரைக்கால் பேய்" என்றுதான் வைக்கிறார். கணவன் விட்டுப்போன ஒரு பெண்ணை ஊர் என்ன சொல்லுமோ அதை அவரே சொல்லிக்கொண்டார், அதற்குமேல் ஊருக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. சுமார் 1,500 வருஷத்துக்கு முன்னால்!

பண்ருட்டிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமண மதத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். பிறகு சூலை நோய் வந்து, திருவதிகையில் அக்கா திலகவதியாரிடம் வந்து திருநீறு வாங்கி, திருநாவுக்கரசர் ஆனார். குடும்பத்தின் மதத்தை விட்டுத் தனக்கு ஏற்றதைத் தேடுவது, பெயரை மாற்றிக்கொள்வது, பழையதைத் திரும்பப் பிடிப்பது, இதெல்லாம் ஏழாம் நூற்றாண்டிலேயே கெடில நதிக்கரையில் நடந்த விஷயம். நெய்வேலிக்குப் பக்கத்தில் வடலூரில் வள்ளலார் சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் ஒதுக்கி 1872ல் சத்திய ஞான சபையைத் திறந்ததையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

ஆனால் அதே தென்னாற்காட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. இசபெல் நபோகோவ் என்ற மானுடவியல் ஆய்வாளர் இந்தப் பகுதிக் கிராமங்களில் தங்கி, பேயோட்டல், குறி, சூனியம் எடுப்பது இவற்றைப் பார்த்து எழுதிய புத்தகம் 2000ல் வந்தது. பேய் பிடித்தது என்று கூட்டிவரப்படுபவர்களில் பலர் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பம்பைக்காரர்கள் பம்பை அடித்து, "நீ யார், எங்கே பிடித்தாய்" என்று அதட்டுவார்கள். அந்தப் பெண் ஆடி ஆடிக் கடைசியில் ஒரு பெயரைச் சொல்லவேண்டும், தற்கொலை செய்துகொண்ட எவனோ ஒருவனுடைய பெயர். பிறகு உச்சிமயிரைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள். கணவனோடு ஒட்டாத பெண்ணின் மனசுக்கு இங்கே வைக்கும் பெயர் பேய். அதை வைப்பது அவள் அல்ல, அவளைச் சுற்றி நிற்பவர்கள். நபோகோவ் காட்டுவது இதைத்தான்: சடங்கு அந்த ஆளுடைய மனசைக் கேட்பதில்லை, நீ இன்னார் என்று அதற்குச் சொல்கிறது.

அதே பெண்ணுக்கு ஆடி மாசம் அங்காளம்மன் வந்தால் காலில் விழுவார்கள். சாமி என்றால் மரியாதை, பேய் என்றால் செருப்படி. எது வந்தது என்று தீர்மானிக்கும் உரிமைதான் யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம். இப்சிதாவிடம் அந்த உரிமை இருந்தது. படிப்பும் பணமும் குடும்பப் பெயரும் அதைக் கொடுத்தன. பம்பைச் சத்தத்தின் நடுவில் நிற்கும் பெண்ணிடம் அது கிடையாது. புருலியாவில் டாயன் என்று விரட்டப்படும் விதவையிடம் சுத்தமாகக் கிடையாது. அதனால் இப்சிதா செய்தது வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்வதுண்டு. அது கொஞ்சம் அநியாயமான தீர்ப்பு. தன்மேல் கல் விழாது என்று தெரிந்த ஒருவர்தான் அந்த வார்த்தையை முதலில் சொல்லிப் பார்க்க முடியும். ஆனால் அவர் சொன்னதால் மற்றவர்கள்மேல் விழும் கல் குறைந்ததா என்று கேட்டால், குறைந்ததாகத் தெரியவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2000 முதல் 2012 வரை மட்டும் சூனியத்தைக் காரணமாகக் கொண்டு நடந்த கொலைகள் இந்தியாவில் 2,000க்கும் மேல்.

இதன் பின்னால் இருப்பது பலசமயம் பேயும் இல்லை, பூதமும் இல்லை. சொத்து. கணவன் செத்தபிறகு ஒரு துண்டு நிலத்தோடு தனியாக இருக்கும் பெண், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல், பங்காளிக்கு அந்த நிலத்தின்மேல் ஒரு கண். ஓஜா என்ற மந்திரவாதிக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் பெயர் சொல்லிவிடுவான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

ஜார்க்கண்டில் இதற்கு நேர் எதிரான வழியில் போராடியவர் சுட்னி மகதோ. சரைகேலா-கர்சாவான் மாவட்டத்துப் பெண், பள்ளிப் படிப்பு இல்லாதவர். 1995ல் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோய்க்கு இவர்தான் காரணம், இவர் டாயன் என்று ஊர் முடிவு கட்டியது. பஞ்சாயத்து 500 ரூபாய் அபராதம் போட்டது. கட்டினார். அப்படியும் விடவில்லை. அடித்து, அவமானப்படுத்தி விரட்டினார்கள். பிள்ளைகளோடு தப்பி ஓடி, போலீஸிடம் போய், பிறகு ஜம்ஷெட்பூரில் இருந்த இலவச சட்ட உதவிக் குழுவோடு சேர்ந்தார். தன்னைப் போலவே விரட்டப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை மீட்டார். டாயன் என்ற சொல்லுக்கு இவர் புது அர்த்தம் தேடவில்லை. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பதுதான் இவர் பேச்சு. அஸ்ஸாமில் பிருபாலா ராபா செய்ததும் அதுவே. இருவருக்கும் 2021ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிருபாலா 2024 மே மாதம் காலமானார்.

இவர்களைப் போன்றவர்களின் போராட்டத்தால்தான் சட்டங்கள் வந்தன. முதலில் பீகார், 1999ல். ஜார்க்கண்ட் தனி மாநிலமானதும் அதையே எடுத்துக்கொண்டது. சத்தீஸ்கரில் 2005, ஒடிசாவில் 2013, ராஜஸ்தானிலும் அஸ்ஸாமிலும் 2015. நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. 1999 சட்டப்படி ஒரு பெண்ணை டாயன் என்று அடையாளம் காட்டினால் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சுட்னி மகதோ டாயனாக "இருந்ததற்கு" பஞ்சாயத்து வாங்கியது 500 ரூபாய். அப்படிச் சொன்னவர்களுக்கு, நான்கு வருஷம் கழித்து வந்த அந்தச் சட்டம் வைத்த உச்சபட்ச அபராதம் 1,000 ரூபாய்.